கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்: பை பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி வெளிய வர்ற வழியப் பாருங்க

கிரிப்டோ வாங்கணும்னு நினைக்கிற யாரா இருந்தாலும் முதல்ல போய் நிக்கிற இடம் எக்ஸ்சேஞ்ச் தான், அதாவது காயின்கள வாங்கி விக்க வழி பண்ணிக் கொடுக்கிற கம்பெனி. ஆப் இறக்கணும், ஐடி கார்டு போட்டோ எடுத்துப் போடணும், பேங்க் அக்கவுண்ட்ட இணைக்கணும், வாங்குறதுக்கான பை பட்டனை அழுத்தணும், அவ்ளோதான், கொஞ்ச நேரத்துல உங்க பேர்ல ஒரு துளி பிட்காயின் காட்டும். புதுசா வர்றவங்களுக்குன்னே வடிவமைச்ச எக்ஸ்சேஞ்ச்கள்ல இந்தப் பாதைய எவ்ளோ சுலபமாக்க முடியுமோ அவ்ளோ சுலபமாக்கி வச்சிருப்பாங்க, அது நல்ல விஷயம்தான், ஏன்னா பத்து பன்னெண்டு வருஷம் முன்னாடி இதே வேலைய செய்ய கம்ப்யூட்டர் நல்லா தெரிஞ்சிருக்கணும். ஆனா ஒண்ண கவனிங்க, அந்த சுலபம் எல்லாம் உள்ள போற பக்கத்துலதான் இருக்கு. வெளிய வர்ற பக்கம், அதாவது வித்து காச திரும்ப பேங்க்குக்குக் கொண்டு வர்றது, இல்ல காயின சொந்த வாலட்டுக்கு, அதாவது சாவி உங்க கையிலயே இருக்கிற ஆப்புக்கோ கருவிக்கோ, மாத்துறது, அங்கதான் புது ஆளுங்க திணறுறாங்க, காசு போறதும் பெரும்பாலும் அங்கதான். அதனால இந்தக் கட்டுரைய வெளிய வர்ற பக்கத்த மனசுல வச்சுக்கிட்டே எழுதுறேன்.

முதல்ல எக்ஸ்சேஞ்ச்ல நீங்க வாங்கும்போது உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துடலாம். பிட்காயின்னா பிளாக்செயின், பிளாக்செயின்னா யாரும் அழிக்க முடியாத பொதுக் கணக்குன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 2009 ஜனவரியில ஆரம்பிச்ச அந்தக் கணக்குல சுமாரா 10 நிமிஷத்துக்கு ஒரு தடவ புதுசா ஒரு பிளாக், அதாவது ஒரு கட்டுப் பரிவர்த்தனை, சேருது, அதெல்லாம் உண்மை. ஆனா எக்ஸ்சேஞ்ச் ஆப்ல நீங்க பை அழுத்தும்போது அந்தப் பொதுக் கணக்குல பெரும்பாலும் எதுவுமே நடக்காது. எக்ஸ்சேஞ்ச் கம்பெனியோட சொந்த டேட்டாபேஸ்ல உங்க பேருக்கு நேரா இருக்கிற காசு குறையும், காயின் கூடும், அவ்ளோதான் நடக்குது. குடோன்ல மூட்டைய போட்டுட்டு ரசீது வாங்கிட்டு வர்ற மாதிரி, சரக்கு அவங்க கிட்ட, சீட்டு உங்க கிட்ட. அந்தக் காயின்கள நகர்த்துற ரகசிய சாவி, பிரைவேட் கீன்னு சொல்றது, எக்ஸ்சேஞ்ச் கையிலதான் இருக்கும். இதனாலதான் பாஸ்வேர்டு மறந்தா அவங்களால மாத்திக் கொடுக்க முடியுது, தப்பு நடந்தா போன் பண்ணிக் கேக்க ஒரு இடம் இருக்கு. அதே காரணத்தாலதான் கம்பெனி கவிழ்ந்தா உங்க காயினும் சேந்து கவிழுது.

இது வெறும் பயமுறுத்தல் இல்ல. டோக்கியோவுல இருந்த மவுண்ட் காக்ஸ் ஒரு காலத்துல உலகத்துலயே பெரிய பிட்காயின் எக்ஸ்சேஞ்ச், 2014 பிப்ரவரியில முதல்ல வித்ட்ராவ நிறுத்துனாங்க, அந்த மாசக் கடைசியிலயே திவால்னு அறிவிச்சாங்க, சுமார் 850,000 பிட்காயின் காணோம்னு சொன்னாங்க, அப்புறம் அதுல ஒரு 200,000 பழைய வாலட்ல கிடைச்சுது. பணம் போட்டவங்களுக்கு காயின் திரும்ப வர ஆரம்பிச்சது 2024 ஜூலையில. பத்து வருஷம் ஆயிடுச்சு. எஃப்டிஎக்ஸ்ங்கிற இன்னொரு பெரிய எக்ஸ்சேஞ்சோட கதை இன்னும் பக்கத்துல நடந்தது, 2022 நவம்பர்ல ஒரே வாரத்துல வித்ட்ரா நின்னு திவாலுக்குப் போச்சு, அதை நடத்துன சாம் பேங்க்மேன்-ஃப்ரைடுக்கு 2024 மார்ச்ல 25 வருஷ தண்டனை. அங்க வாடிக்கையாளர்களோட கிளெய்ம திவாலான நாள் விலையில டாலரா கணக்குப் போட்டாங்க, அன்னிக்கு பிட்காயின் 17,000 டாலருக்கு பக்கத்துல இருந்துது, அதுக்கப்புறம் விலை பல மடங்கு ஏறியும் அந்த ஏத்தம் அவங்களுக்குக் கிடைக்கல. ரெண்டு கதையிலயும் முதல்ல நின்னது வித்ட்ரா பட்டன்தான், ஆப்ல பேலன்ஸ் மட்டும் அப்படியே தெரிஞ்சுக்கிட்டு இருந்துது.

அப்போ எக்ஸ்சேஞ்சே வேண்டாமா? அப்படி நான் சொல்ல மாட்டேன். காச காயினா மாத்துறதுக்கு, காயின திரும்ப காசா மாத்துறதுக்கு புது ஆளுக்கு இதை விட நேர்மையான வழி கிடையாது, தெரியாத ஆள் கிட்ட நேர்ல காசு கொடுத்து வாங்குறதுக்கு இது ஆயிரம் மடங்கு மேல். எந்த எக்ஸ்சேஞ்ச், எவ்ளோ காசு, எவ்ளோ நாள், இந்த மூணையும் யோசிச்சு முடிவு பண்ணணும், அவ்ளோதான்.

எக்ஸ்சேஞ்ச் தேர்ந்தெடுக்கும்போது நிறைய பேர் பாக்குறது எத்தன காயின் இருக்கு, சேந்தா போனஸ் எவ்ளோங்கிறதுதான், அது ரெண்டுமே கடைசியா பாக்க வேண்டியது. முதல்ல உங்க நாட்டுல அந்தக் கம்பெனிக்கு பதிவோ லைசென்ஸோ இருக்கான்னு கண்காணிக்கிற அரசு அமைப்போட வெப்சைட்லயே போய்ப் பாருங்க, எக்ஸ்சேஞ்ச் தன்னப் பத்தி தானே சொல்றத நம்ப வேண்டாம். சட்டம் நாட்டுக்கு நாடு ரொம்ப மாறுது, சீனா 2021ல கிரிப்டோ பரிவர்த்தனைகளையே தடை பண்ணிடுச்சு, ஐரோப்பிய யூனியன்ல மைக்கான்னு ஒரு தனிச் சட்டம் 2024 டிசம்பர் கடைசியில இருந்து முழுசா நடைமுறைக்கு வந்திருக்கு, அதனால வேற நாட்டு யூடியூபர் சொல்ற எக்ஸ்சேஞ்ச் உங்களுக்குப் பொருந்தணும்னு இல்ல. ரெண்டாவது கேள்வி, வாங்குன காயின வெளி வாலட்டுக்கு எடுத்துட்டுப் போக விடுறாங்களா? இது என்ன கேள்வின்னு தோணும், ஆனா விடாத ஆப் இருக்கு. ஆன்லைன்ல காசு அனுப்ப உதவுற பேபால் கம்பெனி 2020 கடைசியில கிரிப்டோ வாங்க விக்க வசதி கொடுத்துது, அந்தக் காயின வெளிய அனுப்புற வசதி 2022 ஜூன்லதான் வந்துது, அது வரைக்கும் உள்ள வாங்கி உள்ளயே விக்கணும். விலை ஏத்த இறக்கம் மட்டும் போதும்னா அதுல பெருசா குறை இல்ல, ஆனா தெரிஞ்சே வாங்கணும். மூணாவது, ஃபீஸ் பக்கம், சைன் அப் பண்றதுக்கு முன்னாடியே அதை யாரும் பாக்கற மாதிரி வெளிப்படையா போட்டிருக்காங்களான்னு தேடிப் பாருங்க. தேடிக் கண்டுபிடிக்கவே கஷ்டமா இருந்தா நான் அந்த எக்ஸ்சேஞ்ச் பக்கம் போக மாட்டேன்.

ஆப்ப இறக்கும்போது சர்ச்ல முதல்ல வர்ற விளம்பரத்த அழுத்தாதீங்க, அப்படியே அச்சு அசல் மாதிரி போலி சைட் செஞ்சு விளம்பரம் போடுற கும்பல் இருக்கு. எக்ஸ்சேஞ்சோட முகவரிய நீங்களே டைப் பண்ணி, அங்க இருக்கிற லிங்க் வழியா ஆப் ஸ்டோருக்குப் போங்க. அக்கவுண்ட்டுக்கு தனியா ஒரு இமெயில் வச்சுக்கிட்டா நல்லது, வேற எங்கயும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வைங்க. அப்புறம் ரெண்டாவது பூட்டு, டூ ஃபேக்டர்னு சொல்றது, அதுக்கு எஸ்எம்எஸ் ஓடிபி போதும்னு விட்டுடாதீங்க. உங்க நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கி ஓடிபிய தன் போனுக்கு வரவைக்கிற திருட்டு உலகம் பூரா நடக்குது. ஆதென்டிகேட்டர் ஆப் போட்டா 30 செகண்டுக்கு ஒரு தடவ மாறுற 6 இலக்க நம்பர் உங்க போனுக்குள்ளயே உருவாகும், சிம்முக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அதை செட் பண்ணும்போது ஒரு பேக்கப் கோடு காட்டும், அத பேப்பர்ல எழுதி வைங்க, போன் தொலைஞ்ச அன்னிக்கு அந்தப் பேப்பர் இல்லன்னா அக்கவுண்ட்ட மீட்க எக்ஸ்சேஞ்ச் சப்போர்ட் கிட்ட வாரக் கணக்குல அலைய வேண்டி வரும்.

கேஒய்சி, அதாவது ஐடி சரிபார்ப்பு, இதுக்கு நிறைய பேர் முகம் சுளிக்கிறாங்க, கிரிப்டோன்னாலே பேரு தெரியாம இருக்கிறதுதானே, எதுக்கு ஐடி கேக்குறாங்கன்னு. காச கையாள்ற எந்தக் கம்பெனியும் கருப்புப் பணத்த வெள்ளையாக்குறத தடுக்கிற சட்டத்துக்கு கட்டுப்படணும், அதனால பேங்க்கோட இணைஞ்சு இயங்குற எக்ஸ்சேஞ்ச் கேட்டே ஆகணும். ஐடில இருக்கிற பேரும் பேங்க் அக்கவுண்ட்ல இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கான்னு இப்பவே பாத்துக்கோங்க, இனிஷியல் ஒண்ணுல முன்னாடியும் இன்னொண்ணுல விரிச்சும் எழுதியிருந்தா காசு போடுறப்ப ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, வெளிய எடுக்கிறப்ப நிறுத்தி வச்சு கேள்வி கேப்பாங்க. அதே மாதிரி நண்பர் அக்கவுண்ட்ல இருந்து காசு போடுறது, அண்ணன் கார்டுல போடுறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். உங்க பேர்ல இருக்கிற பேங்க் அக்கவுண்ட் மட்டும் போதும்.

காசு போடுறதுக்கு பேங்க் டிரான்ஸ்ஃபர், டெபிட் கார்டு, கிரெடிட் கார்டுன்னு பல வழி காட்டுவாங்க, கார்டு வேகமா போகும், ஃபீஸ் அதிகம், பேங்க் டிரான்ஸ்ஃபர் மெதுவா போகும், ஃபீஸ் கம்மி. கிரெடிட் கார்டுல கடன் வாங்கி கிரிப்டோ வாங்காதீங்க, இத நான் விவாதத்துக்கே எடுத்துக்க மாட்டேன். இன்னொரு விஷயம், சில எக்ஸ்சேஞ்ச்ல பேங்க்ல இருந்து காசு போட்ட உடனே காயின் வாங்க விடுவாங்க ஆனா அந்தக் காசு முழுசா செட்டில் ஆகுற வரைக்கும் சில நாளுக்கு காயினையோ காசையோ வெளிய எடுக்க விட மாட்டாங்க, அது திருட்டு இல்ல, வழக்கமான ஹோல்டு, ஆனா முன்னாடியே தெரியலன்னா தூக்கம் போயிடும்.

இப்ப வாங்குற கட்டம். ஒரு முழு பிட்காயின் வாங்கணும்னு அவசியமே இல்ல, ஒரு பிட்காயின் 10 கோடி சடோஷியா பிரியும், உங்க கிட்ட இருக்கிற காசுக்கு எவ்ளோ வருமோ அவ்ளோ வாங்கலாம். இத சொன்னா உடனே அடுத்த கேள்வி வரும், அப்ப விலை கம்மியா இருக்கிற காயின் வாங்குனா நிறைய கிடைக்குமேன்னு. ஒரு காயினோட விலைய மட்டும் பாத்து மலிவு, காஸ்ட்லின்னு முடிவு பண்ண முடியாது. பிட்காயின் மொத்தமே எப்பவும் 2.1 கோடிக்கு மேல போகாது, டோஜ்காயின்னு இன்னொரு காயின் ஏற்கனவே 14,000 கோடிக்கு மேல இருக்கு, வருஷத்துக்கு 500 கோடி புதுசா சேந்துக்கிட்டும் இருக்கு. அதனால ஒரு டோஜ்காயின் ஒரு பிட்காயின் விலைக்கு வரும்னு யாராவது சொன்னா பெருக்கிப் பாருங்க, உலகத்துல அவ்ளோ பணமே இல்ல.

பை பட்டன் பக்கத்துக்கு வருவோம். இந்த ஒரு ஸ்கிரீன மட்டும் நிதானமா பாக்கணும். நீங்க 100 டாலர்னு போடுறீங்க, ப்ரிவ்யூ அழுத்துறீங்க, அங்க மூணு வரி வரும், ஒரு காயினோட விலை, ஃபீஸ், கடைசியா உங்களுக்குக் கிடைக்கிற காயின் அளவு. பெரும்பாலான பேர் ரெண்டாவது வரிய மட்டும் பாத்துட்டு 1.5 டாலர்தானே ஃபீஸ், போகட்டும்னு கன்ஃபர்ம் அழுத்திடுவாங்க. முதல் வரியில இருக்கிற விலைய பாருங்க, அது மார்க்கெட்ல ஓடுற விலைய விட கொஞ்சம் கூட இருக்கும், அந்த வித்தியாசத்துக்குப் பேரு ஸ்ப்ரெட், அதுவும் எக்ஸ்சேஞ்சுக்குப் போற காசுதான், ஆனா ஃபீஸ்னு எங்கயும் எழுதியிருக்காது. ஒரு உதாரணக் கணக்கு போடலாம். ஃபீஸ் 1.5 சதவீதம், ஸ்ப்ரெட் 1 சதவீதம்னு வைங்க. 100 டாலர்ல 1.50 ஃபீஸ் போச்சு, மீதி 98.50, அதை 1 சதவீதம் கூட விலையில வாங்குறதால மார்க்கெட் மதிப்புல கைக்கு வர்றது 97.52. அடுத்த நிமிஷமே விக்கிறீங்கன்னா, விக்கும்போது 1 சதவீதம் கம்மி விலை, 96.55 ஆச்சு, அதுல மறுபடி 1.5 சதவீதம் ஃபீஸ், கையில 95.10. மார்க்கெட் ஒரு பைசா கூட அசையல, உங்க காசுல கிட்டத்தட்ட 5 டாலர் போயிடுச்சு. போட்ட காசு திரும்ப வரணும்னாலே விலை 5 சதவீதத்துக்கு மேல ஏறணும். இந்த மாதிரி வாரத்துக்கு ரெண்டு தடவ வாங்கி வித்தா லாபம் யாருக்குன்னு நானே சொல்ல வேண்டியதில்ல.

இதே எக்ஸ்சேஞ்சுகள்ல பலதுல அட்வான்ஸ்டு, ப்ரோ அப்படின்னு இன்னொரு ஸ்கிரீன் இருக்கும், அதே அக்கவுண்ட், அதே காசு, ஆனா ஃபீஸ் நல்லாவே கம்மி. பாக்க சிவப்பும் பச்சையுமா நம்பர் ஓடிக்கிட்டே இருக்கும், அதனால புது ஆளுங்க பயந்து மூடிடுறாங்க. அதுல புரிஞ்சுக்க வேண்டியது ஆர்டர் புக் ஒண்ணுதான். ஒரு காயின 50 டாலர் சுமாருக்கு வாங்கி வித்துக்கிட்டு இருக்காங்கன்னு வைங்க. சிவப்புப் பக்கம் விக்கிறவங்க வரிசை, ஒருத்தர் 50.10க்கு 3 காயின் வச்சிருக்கார், அடுத்தவர் 50.20க்கு 5, அடுத்தவர் 50.60க்கு 10. பச்சைப் பக்கம் வாங்குறவங்க வரிசை, 49.90க்கு ஒருத்தர் கேக்குறார், 49.80க்கு இன்னொருத்தர். நீங்க 10 காயினுக்கு மார்க்கெட் ஆர்டர், அதாவது கிடைக்கிற விலைக்கு உடனே வாங்குற ஆர்டர், போட்டா சிஸ்டம் கீழ இருந்து எடுத்துக்கிட்டே போகும், முதல் 3 காயின் 50.10ல, அடுத்த 5 காயின் 50.20ல, மீதி 2 காயின் 50.60ல, மொத்தம் 502.50 டாலர், சராசரி 50.25. ஸ்கிரீன்ல 50னு பாத்தேனே ஏன் 50.25 ஆச்சுன்னு கேட்டா இதுதான் பதில். பெரிய காயின்கள்ல இந்த வரிசை ரொம்ப அடர்த்தியா இருக்கும், சின்ன தொகைக்கு வித்தியாசமே தெரியாது, யாரும் கேள்விப்படாத காயின்ல வரிசை காலியா இருக்கும், அங்க மார்க்கெட் ஆர்டர் போட்டா நல்லா அடி வாங்குவீங்க. லிமிட் ஆர்டர்னா 50.10க்கு மேல ஒரு பைசா தர மாட்டேன்னு நீங்களே விலைய சொல்லிட்டுக் காத்திருக்கிறது, அந்த விலைக்கு ஆள் வந்தா நடக்கும், வரலன்னா நடக்காது, காசு அப்படியே இருக்கும், வேண்டாம்னா கேன்சல் பண்ணிக்கலாம். முதல் வாங்குதலுக்கு ஈஸி பட்டன் பரவால்ல, ரெண்டாவதுல இருந்தே லிமிட் ஆர்டர் பழகிடுங்கன்னு சொல்வேன், ஒரு வருஷக் கணக்குல பாத்தா அந்த ஒரு பழக்கத்துல மிச்சமாகுற காசு அதிகம்.

வாங்கியாச்சு. இப்பதான் பெரும்பாலான பேர் செய்யாத வேலை. இன்னும் காசு போடுறதுக்கு முன்னாடி அந்தச் சின்னத் தொகைய வச்சே ஒரு முழு சுத்து சுத்தி வாங்க, கொஞ்சத்த வித்து, காசா மாத்தி, பேங்க்குக்கு எடுங்க. அக்கவுண்ட்ல காசு வந்து சேர எத்தன நாள் ஆச்சு, எவ்ளோ பிடிச்சாங்க, கூடுதல் டாக்குமென்ட் கேட்டாங்களான்னு எல்லாம் அந்த ஒரு சுத்துல தெரிஞ்சிடும். அந்த எக்ஸ்சேஞ்ச் நம்பத் தகுந்ததான்னு ஆயிரம் ரிவ்யூ படிக்கிறத விட இது மேல். போலி எக்ஸ்சேஞ்சுன்னாலும் பல தடவ இங்கயே மாட்டிக்கும், ஆனா ஒண்ணு, சில ஏமாத்துக் கும்பல் முதல் சின்ன வித்ட்ராவ வேணும்னே ஒழுங்கா கொடுப்பாங்க, நம்பிக்கை வரவச்சு பெரிய தொகைய போட வைக்கிறதுக்கு, அதனால லைசென்ஸ் பாக்குற வேலைய இந்த சுத்துக்காக விட்டுடக் கூடாது. வித்ட்ரா கேட்டதுக்கு முதல்ல டாக்ஸ் கட்டு, அன்லாக் ஃபீஸ் கட்டு, அப்பதான் காசு வரும்னு எவனாவது சொன்னா அது ஏமாத்துன்னு கண்ண மூடிக்கிட்டு முடிவு பண்ணுங்க. ஒழுங்கான எக்ஸ்சேஞ்ச் ஃபீஸ உங்க பேலன்ஸ்ல இருந்தே கழிச்சுக்கும், புதுசா வெளியில இருந்து காசு அனுப்பச் சொல்லாது.

அடுத்தது காயின வெளி வாலட்டுக்கு அனுப்புறது. இங்க தப்பு பண்ணா திருத்த ஆள் கிடையாது, பிளாக்செயின்ல போனது போனதுதான், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. வித்ட்ரா ஸ்கிரீன்ல முதல்ல அட்ரஸ் கேக்கும், அதைக் கையால டைப் பண்ணாதீங்க, வாலட்ல இருந்து காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணுங்க, இல்ல கியூஆர் ஸ்கேன் பண்ணுங்க, பேஸ்ட் பண்ண அப்புறம் முதல் ஆறு எழுத்து, கடைசி ஆறு எழுத்து, நடுவுல கொஞ்சம்னு ஒப்பிட்டுப் பாருங்க. காப்பி பண்ண அட்ரஸ திருட்டு அட்ரஸா மாத்தி விடுற வைரஸ் கம்ப்யூட்டர்ல இருக்கும், கண்ணுக்கு தெரியாது. பழைய பரிவர்த்தனை லிஸ்ட்ல இருந்து அட்ரஸ எடுக்கிற பழக்கமும் வேண்டாம், உங்க அட்ரஸ் மாதிரியே முதல் நாலும் கடைசி நாலும் பொருந்துற அட்ரஸ்ல இருந்து துளிக் காயின் அனுப்பி அந்த லிஸ்ட்ல உக்காந்துக்கிற திருட்டு ஒண்ணு இருக்கு.

அட்ரஸுக்குக் கீழ நெட்வொர்க்னு ஒரு டிராப் டவுன் இருக்கும், புது ஆளுங்களுக்கு பெரிய வலை இதுதான். யுஎஸ்டிடி மாதிரி ஸ்டேபிள்காயின், அதாவது டாலர் விலையோடயே ஒட்டி நிக்கிற மாதிரி செஞ்ச காயின், ஒரே பேர்ல பல நெட்வொர்க்ல, அதாவது தனித்தனி பிளாக்செயின்ல ஓடுது, எதிரியம்ல ஒண்ணு, ட்ரான்ல ஒண்ணு, பிஎன்பி செயின்ல ஒண்ணு. லிஸ்ட்ல ஃபீஸ் கம்மியா இருக்கிறத தேர்ந்தெடுக்கத்தான் கை போகும். ஆனா வாங்குற வாலட் எந்த நெட்வொர்க்ல காத்திருக்கோ அதே நெட்வொர்க்லதான் அனுப்பணும். எதிரியம் அட்ரஸும் ட்ரான் அட்ரஸும் பாக்கவே வேற மாதிரி இருக்கும், அதனால மாத்திப் போட்டா ஆப்பே பெரும்பாலும் தடுத்துடும். ஆபத்து எங்கன்னா எதிரியமும் பிஎன்பி செயினும் ஒரே மாதிரி அட்ரஸ பயன்படுத்துது, பூஜ்யம் எக்ஸ்னு ஆரம்பிச்சு அதுக்கப்புறம் 40 எழுத்து, ரெண்டுக்கும் அதே தான், ஆப்புக்கு சந்தேகமே வராது, அனுப்பிடும். போய்ச் சேந்தது உங்க சொந்த வாலட்னா பதட்டம் வேண்டாம், அதே சாவி அந்த நெட்வொர்க்லயும் வேலை செய்யும், வாலட்ல அந்த நெட்வொர்க்க சேத்தா காயின் தெரியும். போனது இன்னொரு எக்ஸ்சேஞ்சோட டெபாசிட் அட்ரஸ்னா, அவங்க அந்த நெட்வொர்க்க ஆதரிக்கலன்னா, அவங்க மனசு வச்சு மீட்டுக் கொடுத்தாத்தான் உண்டு. எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லார் மாதிரி சில காயின்ல இன்னொரு கட்டம் வரும், டேக்னோ மெமோன்னோ ஒரு நம்பர், எக்ஸ்சேஞ்ச் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே அட்ரஸ கொடுத்துட்டு இந்த நம்பர வச்சுத்தான் யாரோடதுன்னு பிரிக்குது, அதை விட்டுட்டு அனுப்புனா காசு போய்ச் சேரும் ஆனா உங்க பேர்ல ஏறாது, சப்போர்ட்டுக்கு எழுதி நிரூபிச்சு வாங்கணும்.

அதனால எவ்ளோ அனுப்புறதா இருந்தாலும் முதல்ல ஒரு சின்ன அளவு அனுப்பிப் பாத்துட்டு, வந்து சேந்தது கண்ணால தெரிஞ்ச அப்புறம் மீதிய அனுப்புங்க, ரெண்டு தடவ ஃபீஸ் ஆகும், ஆகட்டும். அனுப்புன உடனே டிரான்ஸாக்ஷன் ஐடின்னு ஒரு நீளமான வரி கிடைக்கும், பிளாக் எக்ஸ்ப்ளோரர் சைட்ல அதைப் போட்டா எங்க நிக்குதுன்னு நீங்களே பாக்கலாம். இன்னொண்ணு, எக்ஸ்சேஞ்ச்ல குறைஞ்சபட்ச வித்ட்ரா அளவும் வித்ட்ரா ஃபீஸும் இருக்கும், ரெண்டையும் வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துடணும், இல்லன்னா வாங்குன காயின வெளிய எடுக்க முடியாத அளவுக்கு சின்னதா உள்ளயே கிடக்கும்.

சொந்த வாலட் எப்ப வேணும்? தொலைஞ்சா மனசு தாங்காதுங்கிற தொகை எக்ஸ்சேஞ்ச்ல சேரும்போது வேணும், அதுக்கு முன்னாடி அவசரமில்ல. சொந்த வாலட்னா 12 இல்ல 24 சாதாரண வார்த்தை கொடுப்பாங்க, சீட் ஃப்ரேஸ்னு பேரு, அதுதான் சாவி, பேப்பர்ல எழுதணும், போட்டோ எடுக்கக் கூடாது, கிளவுட்ல போடக் கூடாது, எவன் கேட்டாலும் சொல்லக் கூடாது. தொலைச்சா மீட்டுத் தர உலகத்துல ஒருத்தரும் இல்ல. எக்ஸ்சேஞ்ச்ல வச்சா கம்பெனி கவிழுற ஆபத்து, கையில வச்சா நீங்களே தொலைக்கிற ஆபத்து, பொருள பத்திரமா வச்சுக்கிற பழக்கமே இல்லாத ஆளுக்கு நல்ல எக்ஸ்சேஞ்ச் தான் பாதுகாப்புன்னு நான் தயங்காம சொல்வேன்.

ஆப்ல இன்னும் நிறைய பட்டன் மின்னும். ஃபியூச்சர்ஸ், லெவரேஜ், 10 எக்ஸ், 50 எக்ஸ்னு. லெவரேஜ்னா கடன் வாங்கி, போட்ட காச விட பல மடங்கு தொகைக்கு பந்தயம் கட்டுறது. 10 மடங்கு லெவரேஜ்ல விலை 10 சதவீதம் உங்களுக்கு எதிரா போனா போட்டது மொத்தமும் காலி, கிரிப்டோவுல அந்த அளவு ஏத்த இறக்கம் ஒரே நாள்ல நடக்கிறது உண்டு. பிட்காயினே 2021 நவம்பர்ல கிட்டத்தட்ட 69,000 டாலர்ல இருந்து ஒரு வருஷத்துல 16,000க்குக் கீழ வந்துது. எர்ன்னு ஒரு பட்டன், காயின கொடுத்தா வட்டி தர்றோம்னு, இதுல வட்டி எங்க இருந்து வருதுங்கிறத படிக்காம அழுத்தாதீங்க. செல்சியஸ்னு ஒரு கம்பெனி நல்ல வட்டி தந்துக்கிட்டு இருந்துது, 2022 ஜூன்ல வித்ட்ராவ நிறுத்தி அடுத்த மாசமே திவாலாச்சு, எர்ன் அக்கவுண்ட்ல இருந்த காயின்கள் வாடிக்கையாளரோடது இல்ல, கம்பெனியோடதுதான்னு 2023 ஜனவரியில கோர்ட் சொல்லிடுச்சு, ஏன்னா எல்லாரும் படிக்காம ஒத்துக்கிட்ட விதிமுறையில அப்படித்தான் எழுதியிருந்துது.

எக்ஸ்சேஞ்ச்ல இருந்து பேசுறோம்னு வர்ற போனப் பத்தியும் சொல்லணும். உங்க பேரு, இமெயில், பேலன்ஸ் வரைக்கும் சரியா சொல்லுவான், அதனால உண்மையான ஆள்னு நம்பிடுவோம். 2025 மே மாசம் காயின்பேஸ்ங்கிற பெரிய அமெரிக்க எக்ஸ்சேஞ்சே வெளிப்படையா சொல்லுச்சு, வெளிநாட்டுல இருந்த சப்போர்ட் ஊழியர்கள் சில பேர லஞ்சம் கொடுத்து வளைச்சு வாடிக்கையாளர் விவரங்கள திருடியிருக்காங்க, அதை வச்சு போன் பண்ணி ஏமாத்தியிருக்காங்கன்னு. அதனால விவரம் தெரியறது எதுக்கும் அத்தாட்சி இல்ல. உங்க அக்கவுண்ட் ஆபத்துல இருக்கு, காயின இந்த "பாதுகாப்பான" வாலட்டுக்கு மாத்துங்கன்னு சொன்னாலே போன வச்சுடுங்க, ஸ்கிரீன் ஷேர் கேட்டாலும் அதே பதில்தான். சந்தேகம்னா ஆப்ப நீங்களே திறந்து உள்ள இருக்கிற சப்போர்ட்ல கேளுங்க. அப்படியே செட்டிங்ஸ்ல அட்ரஸ் வைட்லிஸ்ட் இருக்கான்னு பாருங்க, அதை ஆன் பண்ணா நீங்க முன்னாடியே சேத்து வச்ச அட்ரஸுக்கு மட்டும்தான் காயின் போகும், பல இடத்துல புது அட்ரஸ் சேத்தா ஒரு நாள் போல காத்திருக்கவும் வைக்கும், அந்த நேரம்தான் உங்கள காப்பாத்தும்.

கடைசியா டாக்ஸ் கணக்கு. பல நாட்டுல காயின காசா மாத்துனா மட்டும் இல்ல, ஒரு காயின குடுத்து இன்னொரு காயின் வாங்குனாலும் வித்ததாத்தான் கணக்கு, வாங்குன விலை, வித்த விலை, தேதி எல்லாம் கேப்பாங்க, உங்க நாட்டு விதிய தெரிஞ்ச ஆள் கிட்ட கேட்டுக்கோங்க. ஆப்ல ஹிஸ்டரி எப்பவும் இருக்கும்னு நம்பி இருக்காதீங்க, எக்ஸ்சேஞ்ச் மூடலாம், உங்க நாட்டுல இருந்து விலகலாம், அக்கவுண்ட் முடங்கலாம். ஸ்டேட்மென்ட்ஸ் பக்கத்துல சிஎஸ்வி டவுன்லோட்னு இருக்கும், எக்செல்ல திறக்கக்கூடிய கணக்கு ஃபைல் அது, மூணு மாசத்துக்கு ஒரு தடவ அதை இறக்கி போன்லயும் இன்னொரு இடத்துலயும் போட்டு வைங்க, சொந்த வாலட்டுக்கு அனுப்புனது எதுவோ அதுக்கு நேரா "என் வாலட்"னு அப்பவே ஒரு வரி குறிச்சு வைங்க, ஒரு வருஷம் கழிச்சு அந்த நீளமான அட்ரஸ பாத்தா அது யாரோடதுன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்காது.